நிணநீர்ப் புற்றும் உட்பகையும்

தமிழ் பயிலும் மாணவராகிய யாம் மருத்துவப் பொருளொன்றைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். விஞ்ஞானப் பகுதிக்குரிய கட்டுரை வழிதவறித் தமிழ்ப் பகுதிக்கு வந்துவிட்டதோ என்று ஐயுறுவாரும் உளராவர். ஆதலின் இதனை எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும்.

நம் கல்லூரி மாணவர் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் ஓர் ஆஸ்பத்திரிக்குச் சென்று, எழுதப் படிக்க வலியற்ற நோயாளிகளுக்கு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தும் பத்திரிகை வாசித்துக் காட்டியும் வருவது வழக்கம். சென்ற ஆண்டு அங்ஙனம் சென்றபோது கொத்தனார் ஒருவரைக் கண்டோம். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். இடக் கன்னம் பெரிதும் வீங்கியிருந்தது. சொற்கள் குழறி வந்தன. தமக்குப் பல ஆண்டுகளாக எச்.ஐ.வி. உண்டு என்பதனை அவரே மறையாது கூறினார். அவர் இசைவு பெற்றே, பெயரும் ஊரும் நீக்கி, இவற்றை எழுதுகின்றோம். ஒரு நாள் அவர் எம்மை அருகழைத்துத் தம் சீட்டைக் காட்டி, "தம்பி, நீங்கள் தமிழுக்குப் படிக்கிறீர்களாமே, இதில் எழுதியிருக்கிற நோய்க்குத் தமிழில் என்ன பேர்? வீட்டில் கேட்டால் நான் என்னவென்று சொல்லுவேன்?" என்றார். சீட்டில் 'பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா' என்று வரைந்திருந்தது. வகுப்பில் எழுத்ததிகாரத்திலும் சொல்லதிகாரத்திலும் வினாவினால் ஒருவாறு விடையிறுக்கும் யாம், அன்று வாளா நின்றோம். பின்னர் அவ்வாஸ்பத்திரி டாக்டர் ஒருவரிடத்தும், விடுதித் தோழராகிய விலங்கியல் மாணவரிடத்தும், நூலகத்திலும் கேட்டும் கற்றும் அறிந்தவற்றையே ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

லிம்போமா என்னும் சொல்லை முதலில் நோக்குவோம். 'லிம்ப்' என்பது உடம்பில் இரத்தத்தோடு ஒட்டி, தனிக் குழாய்களில் ஓடும் தெளிந்த நீர். 'ஓமா' என்பது கட்டியைக் குறிக்கும் கிரேக்க ஈறு. அந்நீரைத் தமிழில் நிணநீர் என்பர். நிணம் என்பது பழந்தமிழில் கொழுப்பு. தெளிந்த நீருக்கு இப்பெயர் பொருந்துமோ என்று முதலில் ஐயுற்றோம். குடலினின்று வரும் நிணநீர், உண்ட உணவின் கொழுப்பைச் சுமந்து பால்போல் வெளுத்திருக்கும் என்று பின்னர் அறிந்தபோது, பெயரிட்டோர் அறிந்தே இட்டனர் போலும் என்று தெளிந்தோம். அக்குழாய்களின் இடையிடையே அவரைவிதை போன்ற முடிச்சுகள் உள. காலிற் புண் வந்தால் அரையில் நெறி கட்டியிருக்கிறது என்று நம் பாட்டிமார் கூறும் நெறி இம்முடிச்சேயாகும்.

அம்முடிச்சுகளில் தங்கி உடலைக் காக்கும் வெண்ணிற உயிரணுக்களுள் இரு வகுப்பு முதன்மையானவை. பி என்னும் எழுத்தாற் குறிக்கப்படுவன, பகைக்கிருமிகளைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களை ஆக்குவன. முதிர்ந்த பி உயிரணுவே பிளாஸ்மா உயிரணு எனப்படும். டி என்னும் எழுத்தாற் குறிக்கப்படுவனவற்றுள் சில, கெட்டுப்போன உயிரணுக்களைத் தாமே அழிப்பன, சி.டி.4 என்னும் அடையாளம் தாங்கிய சில, ஏனைய படைகளை ஏவி நடத்துவன. இவற்றுள் ஏதேனும் ஓர் உயிரணு கட்டுப்பாடு இழந்து பெருகிக்கொண்டே போவது நிணநீர்ப் புற்று. நாம் காணப்போகும் வகைகள் யாவும் பி உயிரணுவிற் பிறந்தவை.

இப்புற்றுக்கும் வைரஸ் என்னும் நுண்ணுயிரிக்கும் உறவுண்டு என்பது எய்ட்ஸ் நோய் அறியப்படுவதற்கு முன்னரே ஆப்பிரிக்காவில் வெளிப்பட்டது. 1957-ஆம் ஆண்டில் உகாண்டா நாட்டுக் கம்பாலா நகரத்து முலாகோ ஆஸ்பத்திரியில் டெனிஸ் பர்க்கிட் என்னும் அயர்லாந்து தேசத்து இரண வைத்தியர் பணியாற்றிவந்தார். இளமையிலேயே ஒரு கண்ணை இழந்தவர் அவர். அவரிடம் காட்டப்பட்ட ஒரு சிறுவனுக்கு மேல்தாடை கீழ்தாடை இரண்டிலும் இருபுறமும் கட்டிகள் இருந்தன. சில நாள் கழித்து வேறோர் ஊரில் அவ்வாறே தாடை வீங்கிய மற்றொரு குழந்தையைக் கண்டார். ஒன்றைக் காணின் விந்தை. இரண்டைக் காணின் ஏதோ ஒரு முறைமை உண்டென்று அவர் உள்ளம் கூறிற்று. 1958-ல் இந்நோயை விவரித்து எழுதினார். 1961-ல் தோழர் இருவருடன் பழைய மோட்டார் வண்டியொன்றில் பதினாயிரம் மைல் சுற்றி, வழியிலுள்ள ஆஸ்பத்திரிகளிலெல்லாம் இத்தகைய குழந்தைகள் உளரோ என்று வினாவிச் சென்றார். வெப்பமும் மழையும் மிக்க தாழ்நிலங்களில், அஃதாவது மலேரியா மிகுந்த இடங்களில், இந்நோய் மிகுந்திருந்தமை அப்பயணத்தாற் புலனாயிற்று.

அதே ஆண்டில் பர்க்கிட் லண்டனில் ஆற்றிய விரிவுரையை, கோழிகளுக்குப் புற்று விளைக்கும் வைரஸை ஆராய்ந்துவந்த அந்தோணி எப்ஸ்டைன் என்பவர் கேட்டார். இக்கட்டிகளுள்ளும் ஒரு வைரஸ் மறைந்திருத்தல் கூடும் என்று கருதி, உகாண்டாவிலிருந்து கட்டியின் துண்டுகளை ஆகாய விமானத்தில் வரவழைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். ஈராண்டுக்கு மேலாக ஒன்றும் புலப்படவில்லை. 1963 டிசம்பரில் ஒரு நாள் மூடுபனியால் விமானம் லண்டனில் இறங்க இயலாது மான்செஸ்டருக்குத் திரும்பிற்று. துண்டு காலந்தாழ்ந்து கைக்கு வந்தபோது, அதனைச் சூழ்ந்திருந்த நீர் கலங்கியிருந்தது. அழுகிவிட்டது என்று எறியத்தக்க நிலை. எறியாமல் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார் எப்ஸ்டைன். கலக்கத்திற்குக் காரணம் அழுகலன்று. கட்டியினின்று உதிர்ந்த புற்றுயிரணுக்கள் தனித்தனியே உயிருடன் மிதந்தன. அவற்றையே வளர்த்து, 1964-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவற்றுள் ஒரு புதிய வைரஸைக் கண்டார். ஈவான் பார், பெர்ட் அச்சோங் என்னும் இருவர் அவருடன் உழைத்தனர். மனிதர்க்குப் புற்றுநோயோடு தொடர்புடையதென்று முதன்முதல் அறியப்பட்ட அவ்வைரஸுக்கு எப்ஸ்டைன்-பார் வைரஸ் என்பது பெயர். எப்ஸ்டைன் 2024-ல் தமது 102-ஆம் வயதிற் காலமானார். அம்மூடுபனி இல்லாதிருந்தால் என்னாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் எமக்குப் பெரிதும் உவப்பாக இருக்கின்றது.

இனி, இவ்வைரஸ் அரிய பொருளென்று அன்பர்கள் எண்ணிவிடலாகாது. உலகில் வயது வந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இதனைத் தாங்கி வாழ்கின்றனர். இதனை வாசிக்கும் நீவிரும் எழுதும் யாமும் அவருள் அடங்குவோம் என்பது பெரும்பாலும் உறுதி. எச்சில் வழியாக, நம் நாட்டில் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, வந்து பி உயிரணுக்களுட் புகுந்து வாழ்நாள் முழுதும் உறங்கிக் கிடக்கின்றது. இடையிடையே கண்விழித்துத் தான் குடியிருக்கும் உயிரணுவைப் பெருகுமாறு தூண்டுதலும் உண்டு. அங்ஙனம் தூண்டப்பட்டவற்றை டி உயிரணுக்கள் அடையாளம் கண்டு அழித்துவிடுகின்றன. ஆகவே நமக்கு ஒன்றும் நேர்வதில்லை. வள்ளுவனார் பகைத்திறந்தெரிதலை அடுத்து உட்பகை என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தமை ஈண்டு எம் நினைவுக்கு வந்தது. கோட்டைக்குள்ளே குடியிருப்பவனால் வருந் தீங்கு, காவலன் விழித்திருக்குந்துணையும் வெளிப்படுவதில்லை.

காவலனை வீழ்த்துவதே எச்.ஐ.வி.யின் தொழில். 1981 ஜூனில் அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்க்கு வந்த அரிய நுரையீரல் நோயைப் பற்றிய சிறு அறிக்கையால் எய்ட்ஸ் உலகிற்கு அறிமுகமாயிற்று. 1983-ல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார் அதன் வைரஸைக் கண்டனர். நம் நாட்டில் அது முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவர் மாணவியாகிய டாக்டர் நிர்மலா தாம் திரட்டிய இரத்த மாதிரிகளை வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்று சோதித்தமையால் உண்மை வெளிப்பட்டது. பட்டத்திற்காக எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையொன்று ஒரு தேசத்தை விழிப்பித்தது என்பதை, கட்டுரை எழுதும் காலத்துச் சோம்பும் எம் போல்வார் சிறிது நினைத்துக்கொள்வது நன்று.

எச்.ஐ.வி. சி.டி.4 உயிரணுக்களையே நாடி அழிக்கின்றது. நலமுடையார்க்கு ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஐந்நூறுக்கு மேல் இருக்கவேண்டிய அவை, மருந்தின்றி விடின் இருநூறுக்கும் கீழ், சிலர்க்கு ஐம்பதுக்கும் கீழ் இறங்கிவிடும். அப்பொழுது உள்ளே உறங்கியவை விழிக்கின்றன. உயர்ந்த வேகமுடைய பி உயிரணு நிணநீர்ப் புற்றுகளை 1985-லேயே எய்ட்ஸின் இலக்கணத்துட் சேர்த்தனர். எமக்கு வியப்பளித்த செய்தி யாதெனின், இப்புற்றாகிய உயிரணுக்களைப் பிளந்து நோக்கினால் அவற்றுள் எச்.ஐ.வி. பொதுவாகக் காணப்படுவதில்லை என்பதே. காணப்படுவது எப்ஸ்டைன்-பார் வைரஸோ, அதன் இனத்ததாகிய மற்றொன்றோ ஆகும். எச்.ஐ.வி. காவலை நீக்குகின்றது, அன்றியும் பி உயிரணுக்களை ஓயாது கிளர்ந்தெழச் செய்து களைப்பிக்கின்றது. உகாண்டாக் குழந்தைகளிடத்து மலேரியா செய்ததும் ஏறக்குறைய இதுவே.

இவ்வாறு தோன்றுவனவற்றுள் அரியவை மூன்றைப் பற்றிக் கூறுவோம். மூளையிலேயே பிறக்கும் நிணநீர்ப் புற்று ஒன்று. எச்.ஐ.வி. உடையார்க்கு அது வருங்கால் ஏறத்தாழ ஒவ்வொருவரிடத்தும் எப்ஸ்டைன்-பார் வைரஸ் உடனிருக்கும்; சி.டி.4 மிகமிகத் தாழ்ந்தவர்க்கே அது வரும். 1996 முதல் கூட்டுமருந்துகள் வழக்கிற்கு வந்தபின் அது வெகுவாக அருகிவிட்டது.

இரண்டாவது, கட்டியே இல்லாத கட்டிநோய். நுரையீரலைச் சூழ்ந்த உறையிலோ, இதயத்தின் உறையிலோ, வயிற்றுக் குழியிலோ நீர் கோத்துக்கொள்ளும். அந்நீரில் புற்றுயிரணுக்கள் மிதக்கும். வயிற்றில் நேர்ந்தால் பழைய வைத்தியர் மகோதரம் என்றே கூறியிருப்பர். இதற்குக் காரணமான வைரஸைக் கண்ட வரலாறு தமிழ் மாணவர்க்கு எளிதில் விளங்கத்தக்கது. கப்போசி சார்க்கோமா என்னும் தோற்புற்று 1872-லேயே வியன்னா நகரில் விவரிக்கப்பட்டது. எய்ட்ஸ் நோயாளரிடத்து அது மலிந்து தோன்றிற்று. 1994-ல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா சர்வகலாசாலையில் யுவான் சாங், பாட்ரிக் மூர் என்னும் தம்பதிகள், ஒரே நோயாளியின் கெட்ட தசையையும் கெடாத தசையையும் எடுத்து, இரண்டின் டி.என்.ஏ. எழுத்துகளையும் ஒத்துநோக்கி, பொதுவானவற்றையெல்லாம் கழித்து, கெட்டதில் மட்டும் எஞ்சியவற்றைப் பிரித்தெடுத்தனர். இரண்டு ஏட்டுச் சுவடிகளை அருகருகே வைத்து, ஒன்றில் மட்டும் உள்ள இடைச்செருகலைக் காணும் பதிப்பாசிரியர் செயலன்றோ இது? அவ்விடைச்செருகல் ஒரு புதிய ஹெர்ப்பீஸ் வைரஸின் பகுதியாக இருந்தது. எட்டாம் மனித ஹெர்ப்பீஸ் வைரஸ் என்பர். மறு ஆண்டே எதெல் செசர்மன் என்னும் அம்மையார் அவ்விருவரோடும் சேர்ந்து, நீர்க்கோப்புப் புற்றினுள்ளும் அதுவே உறைகின்றது என்று காட்டினார். ஒரு புற்றுயிரணுவில் அவ்வைரஸின் படிகள் ஐம்பதுக்குக் குறையாமல் இருத்தலுண்டு. பெரும்பாலான நோயாளரிடத்து எப்ஸ்டைன்-பார் வைரஸும் உடனிருக்கும். எச்.ஐ.வி. உடையார்க்கு வரும் நிணநீர்ப் புற்றுகளுள் இது நூற்றுக்கு நான்கையும் எட்டுவதில்லை. ஆயின் மிகக் கொடியது.

மூன்றாவதே நம் கொத்தனாருக்கு வந்தது. 1997-ல் பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர், வாயினுள் தோன்றிய ஒருவகைப் புற்றைப் பதினாறு பேரிடத்துக் கண்டு தனி நோயாகப் பிரித்தனர். அப்பதினாறு பேருள் பதினைவர் எச்.ஐ.வி. உடையவர். பிளாஸ்மா உயிரணுவாக முதிரும் தறுவாயில் உள்ள பி உயிரணுவிற் பிறப்பது இது. நூற்றுக்கு எழுபது பேரளவில் எப்ஸ்டைன்-பார் வைரஸ் இதனுட் காணப்படுகின்றது. ஈறு, தாடை, அண்ணம் ஆகிய இடங்களில் தொடங்கி விரைந்து பெருகும். உகாண்டாவிலும் தாடை, ஈண்டும் தாடை. ஆயினும் இரண்டும் வேறு நோய்கள்.

இதுகாறும் கூறியவற்றால், காவல் தளர்ந்தால் உட்பகை எழும் என்னும் ஒரே விதியில் எல்லாம் அடங்கிவிடும் என்று எண்ணினோம். டாக்டர் அதனை ஒப்பவில்லை. பர்க்கிட்டின் நோயே எச்.ஐ.வி. உடையார்க்கு வருங்கால், சி.டி.4 அத்துணை தாழாத நிலையிலும் வருகின்றதாம். அவருட் பலரிடத்து எப்ஸ்டைன்-பார் வைரஸ் இருப்பதே இல்லையாம். எச்.ஐ.வி. இல்லாத முதியவர்க்கும் பிளாஸ்மாபிளாஸ்டிக் புற்று வருதலுண்டு. உவமை விளக்குதற்கு உதவும். ஆயின் நோய் உவமைக்குக் கட்டுப்படாது என்று அவர் நகைத்தார். எம் உவமையை யாம் முற்றும் கைவிடவில்லை. அதன் எல்லையை மட்டும் குறித்துக்கொண்டோம்.

நிற்க. கொத்தனாரின் கதைக்கு வருவோம். அவர் தவறாது மாத்திரை உண்டு நலமாயிருந்தவர். வேலை தேடி வெளியூர் சென்ற இடத்தில், உடம்பு நன்றாயிருக்கின்றதே என்று ஓராண்டுக்கு மேல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஈறு வீங்கிற்று. பல் வைத்தியம் செய்யும் இடத்திற்குச் சென்றபோது தமக்கு எச்.ஐ.வி. உண்டென்பதைக் கூறவில்லை. என்னை? எனின், முன்பொருமுறை வேறோரிடத்தில் அதனை மெய்யாகக் கூறியமையால், "இன்று ஆகாது, பிறகு வா" என்று திருப்பியனுப்பப்பட்டவர் அவர். உண்மை தெரியாமையால் வைத்தியர் பல்லைப் பிடுங்கினார். புண் ஆறவில்லை. சீழ்க்கட்டிக்குரிய மருந்து கொடுத்தனர், வீக்கம் பெருகிற்று. இவ்வாறு மூன்று மாதம் கழிந்தது. இந்நோய்க்கு மூன்று மாதம் மிகப் பெரிய காலம். எச்.ஐ.வி. உடையாரைச் சிகிச்சையில் வேறுபடுத்தி விலக்குதல் கூடாது என்னும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2018-ல் நடைமுறைக்கு வந்துள்ளது. அவர் திருப்பியனுப்பப்பட்டது அதற்கு முன்னரோ பின்னரோ என்று யாம் கேட்கவில்லை. அவர் வாய் மூடிக்கொண்டதற்கு அந்த ஒரு நாளே போதுமாயிருந்தது.

நீர்க்கோப்பு வகையிலும், கழுத்தில் நெறி கட்டும் வகைகளிலும் இத்தகைய காலத்தாழ்வு வேறு வழியாக வருகின்றது. காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, மார்பில் நீர் என்றால் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். எச்.ஐ.வி. உடையார்க்குக் காசநோய் மிகுதியாதலின் அந்நினைவு பெரும்பாலும் சரியேயாம். அதனைக் குறைகூற எமக்கு உரிமையில்லை. கிருமி காணப்படாமலே காசநோய் மருந்து தொடங்கி, சில வாரங்களில் குணம் தோன்றாவிடில், தசைத் துண்டையோ கோத்த நீரையோ எடுத்து உயிரணுக்களை நோக்கவேண்டும் என்பதே டாக்டர் வற்புறுத்தியது. நோக்குதலும் எளிதன்று. சாதாரணமாகப் பி உயிரணுவை அடையாளங் காட்டும் சி.டி.20 என்னும் குறி இவ்விரு புற்றிலும் பெரும்பாலும் இராது. அதனால் வேறு சாயங்களையும், வைரஸைக் காட்டும் தனிச் சோதனையையும் நாடவேண்டும். அக்குறியைப் பற்றியே தாக்கும் ரிடக்சிமாப் என்னும் பெயர்பெற்ற மருந்தும் இதனாற் பயன்படாது போகின்றது.

சிகிச்சை இரு முகமானது. எச்.ஐ.வி. மாத்திரையை மீண்டும் தொடங்கிக் காவலை நிறுத்துவது ஒன்று. 2004 ஏப்ரல் முதல் அரசாங்கத்தார் இதனை இலவசமாக அளித்து வருகின்றனர். ஐந்தாறு மருந்துகளைக் கூட்டிச் சுற்றுச்சுற்றாக ஏற்றுவது மற்றொன்று. இருவகை மருந்தும் ஒன்றோடொன்று பகைக்காதவாறு தேர்ந்துகொள்ளல் வேண்டும். ஏற்றும் மருந்துகளுள் ஒன்றாகிய வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியினின்று எடுக்கப்படுவது. 1963 முதல் வழக்கில் உள்ளது. சுடுகாட்டிலும் கல்லறைத் தோட்டத்திலும் தானே பூத்துக் கிடப்பதால் வீட்டில் வைக்க ஒவ்வாததென்று சிலர் ஒதுக்கும் அச்செடியை, நம் தென் மாவட்டங்களில் மருந்துக்காகவே பயிரிட்டு வெளிநாட்டிற்கு அனுப்புகின்றனர். பிளாஸ்மாபிளாஸ்டிக் புற்றுற்றோரின் ஆயுள் பழைய கணக்குகளில் ஓராண்டை ஒட்டியே இருந்தது. மாத்திரையும் கூட்டுமருந்தும் ஒருங்கே பெறுவோருள் நெடுங்காலம் நலமாய் வாழ்வோரும் இப்பொழுது உளர். இதனைக் கொத்தனாரிடம் டாக்டரே கூறினார், முதற்பகுதியையும் மறைக்கவில்லை.

இனிப் பெயர். 'பிளாஸ்டோஸ்' என்பது கிரேக்கத்தில் முளை. முதிர்ந்த பிளாஸ்மா உயிரணுவாகாமல் முளைநிலையிலேயே நின்று பெருகுவது இப்புற்று. ஆதலின் 'முளைநிலைப் பிளாஸ்மா நிணநீர்ப் புற்று' என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு சென்றோம். பிளாஸ்மாவுக்கும் தமிழ் கண்டுபிடிக்க முயன்று, நோயாளிக்கு மேலும் ஒரு புதிர் எதற்கென்று விட்டுவிட்டோம். அவர் அதனை எழுத்துக்கூட்டி இருமுறை வாசித்தார். "முளையா? அப்படியானால் முளையிலேயே கிள்ளியிருக்கலாமே, தம்பி" என்று வீங்கிய வாயால் சிரித்தார். பிறகு தாளை நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நெறி கட்டுவதற்கும் இதற்கும் உள்ள உறவை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னோம். அப்பொழுது அவருக்கு மூன்று சுற்று முடிந்திருந்தது. கன்னம் பாதி வற்றியிருந்தது. நான்காம் சுற்றுக்கு அவர் வரும் நாள் எமக்குத் தேர்வு நாளாக அமைந்துவிட்டமையால், விலங்கியல் தோழர் எமக்காகச் சென்று பார்த்து வருவதாகக் கூறியிருக்கின்றார்.